சர்வருக்கும் ஒரு காஸ்டிங் ஷீட்

ஒரே சர்வரை மும்பையில் வாடகைக்கு எடுத்தால் என்ன விலை, சிங்கப்பூரில் என்ன, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் என்ன என்று வரிசைப்படுத்திக் காட்டும் கருவிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அமேசானின் நடுத்தர சர்வர்களில் பரவலாகப் புழங்கும் எம்5.லார்ஜ் வகையை எடுத்துக்கொள்வோம். லினக்ஸ் போட்டு, எந்த ஒப்பந்தமும் இல்லாமல், ஓடிய மணிக்கு மட்டும் காசு கொடுத்தால் பட்டியல் விலை வர்ஜீனியாவில் மணிக்கு 9.6 அமெரிக்க சென்ட், மும்பையில் 10.1, ஃபிராங்க்ஃபர்ட்டில் 11.5, சிங்கப்பூரில் 12, பிரேசிலின் சாவோ பாவ்லோவில் 15.3. மின்சாரக் கட்டணம், நிலத்தின் விலை, இறக்குமதி வரி, அந்த ஊரில் எத்தனை பெரிய டேட்டா சென்டர் கட்டியிருக்கிறார்கள் என்பதெல்லாம் சேர்ந்து இந்த வித்தியாசத்தை உண்டாக்குகின்றன. இயந்திரம் ஒன்றுதான், நினைவகம் அதே 8 ஜிபிதான். ஆனால் பட்டியலின் மேல்வரிக்கும் கீழ்வரிக்கும் நடுவே ஏறத்தாழ 60 சதவீதம் இடைவெளி. வியாபாரம் தெரிந்த யாருக்கும் அடுத்து தோன்றுவது, மலிவான இடத்தில் எடுத்துக்கொண்டால் என்ன என்பதுதான். பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் அமைத்து, அதன் மாதச் செலவுக்குப் பதில் சொல்லும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் நான் சொல்ல வருவது இது: பட்டியலில் உள்ள எண்கள் சரி, ஆனால் அந்தப் பட்டியலை வைத்து இடத்தை முடிவு செய்வது தவறு. திருப்பூர் தன் துணிக்கு எப்படிக் கணக்குப் போடுகிறதோ, அந்த முறையில்தான் விலை ஒப்பிடும் கருவியும் கட்டப்பட வேண்டும்.

துணிக் கணக்கை ஒருமுறை விரித்துப் பார்ப்போம். பையரிடமிருந்து டெக் பேக் வந்ததும் மெர்ச்சன்டைசர் முதலில் பார்ப்பது ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி என்பதை. உடல் நீளம் 72 சென்டிமீட்டர், கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, ஆக 104. அரை மார்பளவு 52, தையலுக்கு 4, ஆக 56. இரண்டையும் பெருக்கி, முன்னும் பின்னும் என்பதால் இரட்டித்து, 180 ஜிஎஸ்எம் துணி என்றால் அதனால் பெருக்கி, 10,000த்தால் வகுத்தால் சுமார் 210 கிராம். நூல் விலையை இந்த 210 கிராமால் பெருக்கிவிட்டு யாரும் பையருக்கு ரேட் சொல்வதில்லை. நிட்டிங்கில் போகும் கழிவு, டையிங்கில் குறையும் எடை, கட்டிங் வேஸ்ட் எல்லாவற்றையும் ஏற்றிய பிறகுதான் ஒரு பீஸுக்கான நூல் எவ்வளவு என்பதே தெரியும். அதன்மேல் நிட்டிங் கூலி, சாயக் கூலி, காம்பாக்டிங், பிரிண்டிங், தையல் பீஸ் ரேட், செக்கிங், அயனிங், பாலிபேக், அட்டைப்பெட்டி, தூத்துக்குடிக்கு லாரி வாடகை, வங்கி வட்டி, ரிஜெக்‌ஷனுக்கு ஒரு சதவீதம். மில்கள் நூல் விலையை அறிவித்ததும் ஊரெல்லாம் அதையே பேசும். 2022 மே மாதத்தில் பஞ்சு விலை கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது கம்பெனிகள் வேலைநிறுத்தமே செய்தன. அப்படி இருந்தும் நூல் விலை காஸ்டிங் ஷீட்டில் ஒரு வரிதான். ஆர்டரில் லாபமா நஷ்டமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது மற்ற வரிகள்.

அந்த மற்ற வரிகள் நிலையாக இருப்பவையும் அல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் ஆற்றை மாசுபடுத்தியதற்காகச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பிறகு ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்கு மாறிய பட்டறைகளே மறுபடி ஓடின. கழிவுநீரைச் சுத்திகரித்து உப்பைப் பிரிக்கும் செலவு சாயக் கூலிக்குள் நிரந்தரமாக வந்து உட்கார்ந்தது. பழைய காஸ்டிங் ஷீட்டில் அந்தச் செலவுக்கு இடமே கிடையாது. கிளவுடிலும் இது நடக்கிறது. 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான், பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு அரை சென்ட் வசூலிக்கத் தொடங்கியது. மாதத்துக்கு 730 மணி என்றால் ஒரு முகவரிக்கு 3.65 டாலர். எந்த ரீஜியனிலும், அதாவது சர்வர் இருக்கும் எந்த இடத்திலும், அதே விலைதான். பெரிய நிறுவனத்துக்கு இது தூசு. ஆனால் ஜாப் ஒர்க் யூனிட்டுக்காகச் சின்ன சர்வர் ஒன்றை ஓட்டுபவருக்கு, ரீஜியன் மாற்றி மிச்சம் பிடித்ததை இந்த ஒரே வரி விழுங்கிவிடும். சர்வரின் மணி விலையை மட்டும் ஒப்பிடும் கருவியில் இந்த வரி இருக்காது. மாதக் கடைசியில் வரும் பில்லில் இருக்கும்.

அடுத்து லைசென்ஸ். திருப்பூரில் ஓடும் ஈஆர்பி மென்பொருள்களில் கணிசமானவை விண்டோஸ் மீதும் மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வர் மீதும் எழுதப்பட்டவை. ஆர்டர், நூல் கொள்முதல், நிட்டிங் டிசி (டெலிவரி சலான்), டையிங் டிசி, துணி வரவு, கட்டிங், பீஸ் ரேட் கூலி, பேக்கிங் லிஸ்ட் என்று பல ஆண்டுகளில் வளர்ந்த இந்த அமைப்புகளை லினக்ஸுக்கு மாற்றி எழுத யாருக்கும் நேரமில்லை. எம்5.லார்ஜில் விண்டோஸ் சேர்த்து எடுத்தால் வர்ஜீனியாவில் மணிக்கு 18.8 சென்ட், மும்பையில் 19.3. லைசென்ஸின் பங்கு 9.2 சென்ட், இரண்டு இடத்திலும் ஒன்றே. அதனால் லினக்ஸில் 5 சதவீதத்துக்குச் சற்று மேலிருந்த வித்தியாசம் இங்கே 2.7 சதவீதமாகச் சுருங்குகிறது. அதைவிட ஒரு படி பெரிய எம்5.எக்ஸ்லார்ஜை எஸ்க்யூஎல் சர்வர் ஸ்டாண்டர்டோடு எடுத்தால் 85.6 சென்டும் 86.6 சென்டும். இப்போது இரண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. அதாவது, ஒரு திருப்பூர் கம்பெனியின் உண்மையான வேலைக்கு நெருங்க நெருங்க ரீஜியன் விலை வித்தியாசம் கரைந்துகொண்டே போகிறது. 86 சென்டில் 66 சென்ட் மைக்ரோசாஃப்ட் லைசென்ஸுக்குப் போகிறது என்பதுதான் முதலாளி தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. இலவசத் தரவுத்தளத்துக்கு ஒரு மாட்யூலையாவது மாற்றினால் என்ன மிச்சம் என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கும். எந்த ரீஜியன் மலிவு என்ற பட்டியலை நாள் முழுக்கப் பார்த்தாலும் பிறக்காது.

நேரம் அதைவிடப் பெரிய வரி. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை, வாரத்தில் ஆறு நாள் ஓடும் அலுவலகத்துக்குச் சர்வர் தேவைப்படுவது வாரத்துக்கு 72 மணி. வாரத்தில் இருப்பது 168 மணி. இரவிலும் ஞாயிறிலும் அணைத்து வைத்தால் சர்வர் வாடகை 43 சதவீதமாக இறங்கிவிடும். மேலே சொன்ன எஸ்க்யூஎல் சர்வர் கணக்கில், வர்ஜீனியாவில் நாள் முழுக்க ஓடவிட்டால் வாரத்துக்கு ஏறக்குறைய 144 டாலர். சற்றே விலை கூடிய மும்பையில் வேலை நேரத்துக்கு மட்டும் ஓட்டினால் 62 டாலர். அணைத்த பிறகும் டிஸ்க்குக்கு வாடகை ஓடும் என்பது உண்மை. அதையும் ஷீட்டில் ஏற்ற வேண்டும். ஷிப்மென்ட்டுக்கு முந்தைய இரவுகளில் பேக்கிங் செக்‌ஷன் விடிய விடிய ஓடும், அப்போது சர்வர் தூங்கினால் லாரி நிற்கும் என்ற ஆட்சேபமும் நியாயம்தான். அதற்காக வருடம் முழுக்க 168 மணிக்கும் காசு கட்டத் தேவையில்லை. ஷிப்மென்ட் தேதிகள் ஈஆர்பிக்குள்ளேயே இருக்கின்றன. அந்த வாரங்களுக்கு மட்டும் நேரத்தை நீட்டச் சொல்லலாம். ஓராண்டு ஒப்பந்தம் போட்டால் தள்ளுபடி கிடைக்குமே என்பவர்களுக்கும் பதில் உண்டு. அந்தத் தள்ளுபடி கம்ப்யூட்டர் பங்குக்குத்தான். விண்டோஸ், எஸ்க்யூஎல் லைசென்ஸ் பங்கு அப்படியே நிற்கும். லைசென்ஸ் கனமாக இருக்கும் நம் வகை சர்வர்களுக்கு ஒப்பந்தத்தைவிட ஸ்விட்ச்தான் லாபம். லினக்ஸில் நாள் முழுக்க ஓட வேண்டிய சர்வருக்கு ஒப்பந்தம் லாபம். எது எந்த வகை என்று பிரித்துச் சொல்வதுதான் கருவியின் வேலை.

தூரத்துக்கும் ஒரு வரி வேண்டும், அதை டாலரில் எழுத முடியாவிட்டாலும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சர்வரைக் கேட்டுப் பதில் வாங்கி வர குறைந்தது 10 மில்லிசெகண்ட். வர்ஜீனியாவுக்குக் கேபிள் சுற்றிப் போகும் வழியையும் நடுவில் நிற்கும் கருவிகளையும் சேர்த்தால் 200 மில்லிசெகண்டைத் தாண்டும். ஒரு வலைத்தளத்தைத் திறக்க இது பெரிய தாமதம் இல்லை. ஆனால் பழைய ஈஆர்பி நிரல்கள் அலுவலகக் கணினியிலிருந்து நேராகத் தரவுத்தளத்தைக் கேட்கும்படி எழுதப்பட்டவை. ஒரு டிசி திரையைத் திறக்கவே பார்ட்டி பெயர், கலர், டயா, ரோல் எண், லாட் எண் என்று நாற்பது கேள்வி கேட்கும். ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பதில் வரும்வரை காத்திருக்கும். 40 கேள்விக்கு 8 விநாடி. துணி லோடு வந்து வண்டி வாசலில் நிற்கும்போது, ஒவ்வொரு டிசிக்கும் ஸ்டோர் கீப்பர் 8 விநாடி காத்திருந்தால் அவர் கணினியை விட்டுவிட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். எழுதியதை மாலையில் ஏற்றலாம் என்பார். மாலையில் ஏற்றும் கணக்கில் ரோல் எண் மாறும். நிரலை மாற்றி, திரையையும் தரவுத்தளத்தையும் ஒரே இடத்தில் வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். மாற்றும் செலவை யார் ஏற்பது என்பதும் அதே ஷீட்டில் எழுதப்பட வேண்டும்.

அமேசான் தன் மும்பை ரீஜியனைத் திறந்தது 2016 ஜூனில். அதற்கு முன் அமேசானில் இடம் பிடிக்க நினைத்த இந்தியக் கம்பெனிக்கு அருகில் இருந்தது 2010இல் திறந்த சிங்கப்பூர்தான். மைக்ரோசாஃப்ட் 2015 செப்டம்பரில் புனே, சென்னை, மும்பை மூன்றிலும் தன் கிளவுடான அஜூரைத் தொடங்கியது. கூகுள் 2017இல் மும்பையிலும் 2021இல் டெல்லியிலும் வந்தது. அமேசானின் ஹைதராபாத் ரீஜியன் 2022 நவம்பரில். அந்தப் பழைய நாளில் சிங்கப்பூரில் ஏற்றியதை இன்றும் அங்கேயே வைத்திருப்பவர்களுக்கு வெறும் விலைப்பட்டியலே உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எம்5.லார்ஜ் விண்டோஸ் சிங்கப்பூரில் 21.2 சென்ட், மும்பையில் 19.3, வெளியே போகும் டேட்டாவுக்கு ஜிபிக்கு 12 சென்ட், மும்பையில் 10.93. எல்லா வரியிலும் மும்பை மலிவு, தூரமும் குறைவு. 500 ஜிபியை அங்கிருந்து இங்கே நகர்த்த ஜிபிக்கு 9 சென்ட் வீதம் 45 டாலர், ஒரே முறை. இந்த மாதிரி இடத்தில் யோசிக்க ஒன்றும் இல்லை. சென்னையிலேயே அஜூர் இருக்கும்போது அது இன்னும் பக்கம் இல்லையா என்று கேட்பார்கள். பக்கம்தான். ஆனால் ஒரு கம்பெனியின் எல்லா ரீஜியனிலும் எல்லாச் சேவையும் கிடைப்பதில்லை; சென்னையில் கிடைப்பவை புனேயைவிடக் குறைவு. கிடைக்காத பொருளின் விலையை ஒப்பிட்டுப் பயனில்லை. எனவே விலை எண்ணுக்கு முன்னால், அந்தச் சேவை அங்கே உண்டா என்ற கேள்விக்குக் கருவி பதில் சொல்லியாக வேண்டும்.

சட்டமும் வரியும் விலைப்பட்டியலில் வராது, முதலாளியின் தலையில் வரும். 2014ஆம் ஆண்டின் கம்பெனிக் கணக்கு விதிகளின்படி, கணக்குப் புத்தகங்களை மின்னணு முறையில் வைத்திருக்கும் கம்பெனி அதன் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைக்க வேண்டும். 2022 ஆகஸ்டில் இந்த விதி திருத்தப்பட்டு, அது தினசரி நடக்க வேண்டும் என்றானது. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு இது பொருந்தும். பார்ட்னர்ஷிப்பாகவோ தனி உரிமையாகவோ நடக்கும் நிறுவனத்தை இந்தச் சட்டம் தொடாது, திருப்பூரில் அப்படி நடப்பவை ஏராளம். ஒரே அளவு, ஒரே வேலை, ஒரே மென்பொருள் கொண்ட இரண்டு பக்கத்துப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு, பதிவு வேறு என்பதால் விடையும் வேறாகலாம். வெளிநாட்டில் சர்வரை வைத்து இங்கே தினசரி ஒரு நகல் எடுக்கலாமே என்றால், எடுக்கலாம், செலவும் அதிகமில்லை. நகல் ஒழுங்காக வந்ததா என்று தினமும் பார்க்கும் ஆள் வேண்டும்.

ஜிஎஸ்டி இன்னொரு விதமாகக் கடிக்கும். இந்தியாவில் பதிவான கிளவுட் நிறுவனம் 18 சதவீதம் போட்டு ரூபாயில் பில் தரும். அது உள்ளீட்டு வரி வரவாகச் சேரும். இந்தியாவில் இல்லாத சிறு கிளவுட் நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால் அதே 18 சதவீதத்தை நாமே ரிவர்ஸ் சார்ஜில் கட்ட வேண்டும், அதுவும் வரவிலிருந்து கழிக்காமல் ரொக்கமாக. பிறகுதான் வரவு எடுக்கலாம். ஏற்றுமதியாளர் வரியில்லாமல் சரக்கு அனுப்புவதால் அவருடைய வரவு தேங்கி நின்று, ரீஃபண்டாகத்தான் திரும்பும். மொத்தத்தில் பணம் திரும்பி வந்துவிடும் என்பதால் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நூலுக்கு மில்லில் ரொக்கம் கட்டி, பையரிடம் மாதக்கணக்கில் காத்திருக்கும் ஊரில் பணம் எப்போது திரும்பும் என்பதும் விலையின் பகுதிதான். பேக்கிங் கிரெடிட்டுக்கு வட்டி கட்டுபவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இனி கருவிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று பார்க்கலாம். விலைத் தரவு கிடைப்பது இன்று கடினமில்லை. அமேசான் 2015 டிசம்பர் முதல் நிரல்கள் படிக்கும் வடிவில் தன் விலைப்பட்டியலை வெளியிடுகிறது. அஜூரின் சில்லறை விலைகளைக் கணக்கோ கடவுச்சொல்லோ இல்லாமலே எவரும் எடுக்கலாம், ரூபாயிலேயே கேட்கலாம். கூகுளுக்கும் ஒரு விலைக் கேட்டலாக் உண்டு. அமேசானின் சர்வர் வகைகளை எல்லாம் ஒரே அட்டவணையில் அடுக்கும் தளம் காரெட் ஹீட்டன் தொடங்கி, இப்போது வான்டேஜ் நிறுவனத்திடம் இருக்கிறது. உலகம் முழுக்கப் பயன்படுகிறது, நான் மதிக்கும் வேலை. சிரமம் தரவைப் படிப்பதில்தான். ஒரே ரீஜியனில் ஒரே எம்5.லார்ஜுக்கு வரிகள் பல டஜன்: எந்த இயங்குதளம், எஸ்க்யூஎல் எந்தப் பதிப்பு, மற்றவர்களோடு பகிரும் இயந்திரமா தனி இயந்திரமா, முன்பதிவு செய்த இடத்தில் ஓடுகிறதா என்று. முன்பதிவு இடத்துக்கான வரியில் விலை பூஜ்யம் என்று இருக்கும், ஏனென்றால் அதன் காசு வேறு வரியில் வாங்கப்பட்டுவிட்டது. குறைந்த விலையை எடு என்று மட்டும் எழுதிய நிரல் அந்தப் பூஜ்யத்தைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டும். ரீஜியன் குறியீடுகளும் அப்படித்தான். பயன்பாட்டு வரிகளின் தொடக்கத்தில் சிங்கப்பூர் ஏபிஎஸ்1, சிட்னி ஏபிஎஸ்2, மும்பை ஏபிஎஸ்3. மும்பையின் ரீஜியன் பெயரான ஏபி-சவுத்-1 என்பதிலிருந்து இதை ஊகிக்கவே முடியாது.

அளவைகள் இன்னொரு சிக்கல். ஸ்டோரேஜை ஒருவர் மாதத்துக்கு ஜிபி என்று விற்பார், ஒருவர் இத்தனை ஜிபி கொண்ட முழு டிஸ்க் என்று விற்பார். கோப்பை எழுதும் கட்டணம் ஒருவரிடம் ஆயிரம் முறைக்கு, இன்னொருவரிடம் பத்தாயிரம் முறைக்கு. வெளியே போகும் டேட்டாவில் அமேசான் மாதம் முதல் 100 ஜிபிக்குக் காசு வாங்குவதில்லை, அதற்குமேல் படிப்படியாக விலை குறையும். சராசரியாக ஒரே எண்ணைப் போட்டால் சின்னக் கம்பெனிக்கு அதிகமாகவும் பெரிய கம்பெனிக்குத் தவறாகவும் காட்டும். சாம்பிள் போட்டோவும் டெக் பேக் பிடிஎஃபும் கேட் பேட்டர்ன் கோப்பும் மட்டும் பையருக்கு அனுப்பும் யூனிட் பெரும்பாலும் அந்த இலவச 100 ஜிபிக்குள்ளேயே நின்றுவிடும். அதற்கு ஜிபி விலை எந்த ரீஜியனில் எவ்வளவு என்பது தேவையற்ற தகவல்.

எனவே கருவி முதலில் கேட்க வேண்டியது எந்தச் சர்வர் என்பதை அல்ல. எத்தனை பேர் ஒரே நேரத்தில் உட்காருவார்கள், எத்தனை மணிக்கு, எந்தத் தரவுத்தளம், மாதம் எத்தனை ஜிபி வெளியே போகும், கம்பெனியா பார்ட்னர்ஷிப்பா, வரவு ரீஃபண்டாக வருமா கழிக்கப்படுமா. இதற்குப் பதில் கிடைத்த பிறகே விலைப்பட்டியலைத் தொட வேண்டும். முடிவில் ஒரு எண் மட்டும் காட்டக்கூடாது. எந்த வரி எவ்வளவு தின்கிறது என்று வரி வரியாகக் காட்ட வேண்டும், எந்தத் தேதியின் விலை, டாலர் எந்த ரேட்டில் என்பது உட்பட. காஸ்டிங் ஷீட்டைப் பார்த்து பையரோடு பேரம் பேசி வளர்ந்தவர்களுக்கு இதைப் படிக்கத் தனிப் பயிற்சி தேவைப்படாது.

இதற்கு வரும் வலுவான எதிர்வாதம்: விலைப்பட்டியல் கையில் பிடிக்கக்கூடிய உண்மை, பயன்பாட்டுக் கணக்கோ ஊகம், ஊகத்தின் மீது கட்டிய கருவி தெளிவாகத் தெரிந்தாலும் பொய் சொல்லும். இதில் பாதி உண்மை. துணிக் கணக்கும் ஆர்டர் எடுக்கும்போது ஊகம்தான். மார்க்கர் போட்டதும் திருத்தப்படுகிறது, சாயம் ஏறி வந்ததும் திருத்தப்படுகிறது, ஷிப்மென்ட் முடிந்ததும் காஸ்டிங்கையும் உண்மைச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பயன்பாடு ஊகம் என்பதற்காக அதை விட்டுவிட்டால், விட்டதும் ஒரு ஊகம்தான்: எல்லாரும் மாதம் 730 மணியும் ஓட்டுகிறார்கள், எவருக்கும் லைசென்ஸ் இல்லை, எவரும் டேட்டா அனுப்புவதில்லை என்ற ஊகம். மிக மோசமான ஊகம் அது. எல்லா வரியையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கின் எதிர்ப்புறத்தில் நின்று பட்டவர்கள் திருப்பூர் ஏற்றுமதியாளர்களே. வங்கதேசத்தில் தைத்த டி-சர்ட் 2001 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுங்க வரியில்லாமல் நுழைகிறது, நம்முடையது வரி கட்டி நுழைந்திருக்கிறது. கப்பலில் ஏற்றும் விலை இரண்டும் ஒன்றாக இருந்தும் ஆர்டர் டாக்காவுக்குப் போனதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பையர் ஒப்பிட்டது கடைக்கு வந்து சேரும் விலையை. அந்தக் கணக்கில் நாம் தோற்றது வருத்தம்தான், ஆனால் கணக்கின் முறை சரி.

ரீஜியன் விலையே முடிவு செய்யும் வேலைகளும் உண்டு, அதை மறைக்கக்கூடாது. துணியில் ஓட்டை, ஊசிக்கோடு, எண்ணெய்க் கறை ஆகியவற்றைப் படத்திலிருந்து கண்டுபிடிக்க ஒரு மாடலைப் பயிற்றுவிப்பதை எடுத்துக்கொள்வோம். படங்களை உள்ளே ஏற்றுவதற்குக் கட்டணமில்லை. பயிற்சி ஓடும்போது யாரும் திரைமுன் காத்திருப்பதில்லை. விளைவு சில நூறு எம்பி கோப்பு ஒன்று. அதில் கணக்குப் புத்தகமும் இல்லை, தொழிலாளியின் ஆதாரும் இல்லை. இப்படிப்பட்ட வேலைக்கு எந்த ரீஜியனில் அந்த இயந்திரம் மலிவோ, எங்கே கிடைக்கிறதோ அங்கே போகலாம். ஐந்து மணி நேர வேலைக்கு இடப்பற்று தேவையில்லை. நான் சொல்லும் ஷீட் இந்த முடிவையும் தானாகவே தரும், ஏனென்றால் அந்த வேலைக்கு லைசென்ஸ், தூரம், சட்டம் ஆகிய வரிகள் பூஜ்யமாகி மணி விலை மட்டுமே மிஞ்சும். விலைப்பட்டியல் கருவி அந்த ஒரு சூழ்நிலையைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்கிறது.

கடைசி ஆட்சேபம் அலுவலகத்து மூலையில் இருக்கும் சொந்த சர்வரைப் பற்றியது. இருபது பேர் வேலை செய்யும் செக்கிங் யூனிட்டுக்கு ஒரு கணினி, ஒரு யுபிஎஸ், தினமும் எடுத்துப் போகும் ஒரு ஹார்ட் டிஸ்க் போதுமே என்கிறார்கள். பல இடங்களில் அது மெய். அதனால் கருவியில் ரீஜியன்களின் வரிசையிலேயே சொந்த சர்வருக்கும் ஒரு பத்தி இருந்தாக வேண்டும்: இயந்திரத்தின் விலையை ஐந்து ஆண்டுக்குப் பிரித்து, மின்சாரம், யுபிஎஸ் பேட்டரி மாற்றும் செலவு, பஞ்சுத் தூசி அடைத்து ஃபேன் நிற்பதால் வரும் பழுது, ரான்சம்வேர் தாக்கினால் எத்தனை நாள் டிசி போடாமல் இருக்க முடியும் என்பது உட்பட. கணக்கு முடிவில் எந்தக் கிளவுடும் வேண்டாம் என்று வந்தால் கருவி அதைச் சொல்ல வேண்டும். பில் தொகையில் கமிஷன் வாங்கும் இடைத்தரகர் உருவாக்கும் கருவியிடம் இதை எதிர்பார்க்க முடியாது. அவர் நேர்மையானவராக இருந்தாலும், பெரிய பில்லில்தான் அவர் வருமானம் இருக்கிறது. ஆகவே இதை வாங்குபவர்களின் பக்கத்திலிருந்து யாராவது கட்ட வேண்டும். 1990இல் தொடங்கிய திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் போன்ற அமைப்புக்கு இது பெரிய செலவும் அல்ல. விலைத் தரவு இலவசம். கணக்கு முறை ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஏற்கெனவே கிளவுடில் இருப்பவர்களிடம் கடந்த மூன்று மாத விரிவான பில் கோப்பு இருக்கும். அதில் ரீஜியன், மணி, ஜிபி, லைசென்ஸ் எல்லாம் வரி வரியாக ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. கருவி முதலில் படிக்க வேண்டியது அந்தக் கோப்பை. அதில் இரவு 9 மணிக்கும் காலை 9 மணிக்கும் நடுவே ஓடிய மணிகளை மட்டும் முதலில் தனியாகக் கூட்டிக் காட்டட்டும்.